சீட் கிடைத்தால் மட்டும் போதுமா? கைம்பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பிய சிஸ்டர் சுப்பலட்சுமி

மெரினா பீச்சுக்குப் போகிறவர்கள் அந்த வட்டமான கட்டடத்தைப் பார்க்காமல் வர முடியாது. இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். ஆனால், சென்னைவாசிகளுக்கு அது எப்பவுமே ஐஸ் ஹவுஸ்தான். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய இடம். 1897-ல் விவேகானந்தர் தங்கிய இடம். இந்த இரண்டு கதையும் பலருக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு கதை இருக்கிறது. பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் கணவனை இழந்த சிறுமிகள் இந்தக் கட்டடத்தில் தங்கிப் படித்திருக்கிறார்கள். இங்கிருந்து பள்ளிக்கும், பிறகு கல்லூரிக்கும் போயிருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிவந்து தங்கவைத்தவரும் சிறுவயதிலேயே கைம்பெண் ஆனவர்தான். பெயர், ஆர்.எஸ்.சுப்பலட்சுமி. ஊருக்கு அவர் சிஸ்டர் சுப்பலட்சுமி.

கல்லூரி அட்மிஷன் சமயத்தில் அவரை நினைத்துப் பார்க்க ஒரு காரணம் உண்டு. சீட் கிடைப்பது பாதி வேலைதான். எங்கே தங்குவது, யார் பணம் கட்டுவது, வீட்டில் யார் சம்மதிப்பது என்கிற மீதிப் பாதியில்தான் நிறைய பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது. அந்த மீதிப் பாதியைச் சரிசெய்வதையே நூறு வருடங்களுக்கு முன்பு தன் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர் சுப்பலட்சுமி.

கல்யாணமும் கைம்மையும்

1886 ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். அப்பா சுப்பிரமணிய ஐயர், அம்மா விசாலாட்சி. தஞ்சாவூர்ப் பக்கம் ரிஷியூர்தான் பூர்வீகம். அப்பா படித்தவர், அரசு வேலையில் இருந்தவர். மூத்த பெண்ணான சுப்பலட்சுமி படிப்பில் படு சுட்டி. ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி, செங்கல்பட்டு வட்டாரத்திலேயே முதலாவதாக வந்தார்.

ஆனால், வழக்கம் வழக்கம்தானே? பதினோரு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துபோனார். கல்யாணம் என்றால் என்னவென்று தெரிவதற்குள்ளேயே விதவைப் பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பங்களில் இதற்கு என்ன அர்த்தம் என்பது இன்றைய தலைமுறைக்கு முழுதாகத் தெரியாது. தலையை மழித்துவிடுவார்கள். நார்மடிப் புடவையைக் கொடுத்து மூலையில் உட்காரவைப்பார்கள். பூ கிடையாது, பொட்டு கிடையாது, நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்கக்கூடாது. சாப்பாட்டில்கூட கட்டுப்பாடு. சின்னக் குழந்தை என்பதற்காக விதியில் தளர்வு எதுவும் இல்லை. சமையலறையும் கொல்லைப்புறமுமாகவே ஒரு முழு ஆயுளும் கழிந்துவிடும்.

சுப்பலட்சுமியின் வீட்டில் அதே நிலைமையில் வாழ்ந்த ஒருவர் ஏற்கெனவே இருந்தார். சித்தி வாலாம்பாள். அவரும் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தன் மகளையும் அதில் தள்ளுவதில்லை என்று அப்பாவும் அம்மாவும் முடிவெடுத்தார்கள். தலையை மழிக்கவில்லை. மூலையில் உட்காரவைக்கவில்லை. படிக்கவைத்தார்கள்.

படிக்கவைப்பது என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு சண்டை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அக்கம்பக்கம் வாயை மூடிக்கொண்டிருக்குமா? அந்தக் குடும்பம் அதையெல்லாம் தாங்கிக்கொண்டது. முதலில் வீட்டிலேயே பாடம் நடந்தது. பிறகு, கன்னியாஸ்திரிகள் நடத்திய கான்வென்ட்டுக்குப் போனார். தங்கள் வாழ்க்கையையே அடுத்தவர் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்திருந்த அந்தப் பெண்கள் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தார்கள். சுப்பலட்சுமி மதம் மாறவில்லை. ஆனால், அவர்களைப் போலவே வாழ்வது என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டார். சிஸ்டர் என்ற பெயர் கடைசிவரைக்கும் நிலைத்ததற்கும் அதுதான் காரணம்.

அடுத்தது, மாநிலக் கல்லூரி. இன்றும் மெரினாவில் கம்பீரமாக நிற்கும் அதே பிரசிடென்சி காலேஜ்தான். ஆண்களால் நிரம்பிய அந்த வகுப்புகளில் உட்கார்ந்து படித்து, 1911-ல் முதல் வகுப்பில் பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். அதாவது, ஒரு இந்துப் பெண் அதில் பட்டம் வாங்க 54 வருடங்கள் ஆகியிருக்கின்றன.

பட்டம் வாங்கியாச்சு, அப்புறம்?

இந்த இடத்தில் கதையை முடித்து, சாதித்துக்காட்டிய பெண் என்று ஒரு வரி எழுதியிருந்தாலே அவர் பெயர் வரலாற்றில் இருந்திருக்கும். ஆனால், சுப்பலட்சுமி வேறு கணக்குப் போட்டார். தான் படித்ததற்குக் காரணம் தன் புத்திசாலித்தனம் மட்டுமில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சம்மதித்த அப்பா, துணை நின்ற அம்மா, கூடவே இருந்த சித்தி, பட்டணத்தில் வீடு, அதே ஊரில் கல்லூரி. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் அவர் பட்டதாரி. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அவரும் ஒரு மூலையில்தான் உட்கார்ந்திருப்பார்.

அப்படியென்றால், இவை எதுவுமே இல்லாத பெண்ணுக்கு என்ன வழி? கல்லூரியின் கதவு சட்டப்படி திறந்துதான் இருந்தது. பெண்கள் வரக்கூடாது என்று எந்தப் பலகையும் மாட்டவில்லை. ஆனால், கும்பகோணத்திலோ கோயம்புத்தூரிலோ ஓர் அக்ரஹாரத்தில் இருக்கும் பன்னிரண்டு வயது விதவைச் சிறுமிக்கு அந்தத் திறந்த கதவால் என்ன பிரயோஜனம்? அவள் பள்ளிப் படிப்பே முடிக்கவில்லை. சென்னையில் தங்க இடமில்லை. வேற்று வீட்டில் தங்கினால் ஆசாரம் கெட்டுவிடும் என்று வீட்டில் பயப்படுவார்கள். செலவுக்குப் பணம் தரமாட்டார்கள். படித்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்பார்கள்.

இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்பதுதான் அவருடைய திட்டம். முதலில் தங்குமிடம். எழும்பூரில் இருந்த அவருடைய வீட்டிலேயே நான்கு சிறுமிகளை வைத்து ஆரம்பித்தார். சித்தி வாலாம்பாள் கூடவே நின்றார். அதுவரை வீட்டுக்குள் முடங்கியிருந்த அந்தச் சித்திக்கு, இந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு புது வாழ்க்கை. ஒரு பட்டதாரிப் பெண்ணும், பள்ளி வாசலையே மிதிக்காத தலைமுறையைச் சேர்ந்த ஒரு பெண்ணும் சேர்ந்து நடத்திய வீடு அது.

பணம் வேண்டுமே? 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். வசதியான வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடிப் பேச, சொற்பொழிவு கேட்க ஓர் இடம் கிடைத்தது. அதே சமயம், இந்தச் சிறுமிகளின் படிப்புக்குக் கைகொடுக்க ஓர் அமைப்பும் உருவானது. லேடீஸ் கிளப்பை ஆரம்பித்து, அதையே ஹாஸ்டலுக்குத் தூணாக்கிய புத்தி சுப்பலட்சுமியுடையது.

அரசாங்கத்தின் தேவை, அவருடைய தேவை

அப்போது அரசுக் கல்வித்துறையில் பெண் கல்விக்கு ஆய்வாளராக இருந்தவர் கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரோப்பியப் பெண்மணி. அவருக்கு வேறொரு தலைவலி. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தால் ஆண் வாத்தியார் இருக்கும் இடத்துக்குப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். ஆசிரியை வேண்டும் என்றால் படித்த பெண்கள் வேண்டும். படிக்கவேண்டிய வயதில் பெண்களுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது. ஆசிரியை இல்லாததால் பெண்கள் படிப்பதில்லை, பெண்கள் படிக்காததால் ஆசிரியை இல்லை. நன்றாகச் சிக்கிக்கொண்ட நூல்கண்டு.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் நுனி இளம் விதவைகளிடம் இருந்தது. சமூகம் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த அந்தப் பெண்களுக்குப் படிப்பும் வேலையும் கொடுத்தால் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பார்கள். அந்தப் பெண்களும் யாரிடமும் கையேந்தாமல் வாழலாம். அரசாங்கத்துக்கு ஆசிரியைகள் தேவை. சுப்பலட்சுமிக்கு இந்தப் பெண்களின் விடுதலை தேவை. இரண்டும் ஒரு புள்ளியில் சந்தித்தன. வீட்டில் நான்கு பேருடன் தொடங்கியது அரசின் ஆதரவோடு நடக்கும் விடுதியாக வளர்ந்தது.

பிள்ளைகள் சேரச் சேர இடம் போதவில்லை. எழும்பூரிலிருந்து மாறி, கடைசியில் கடற்கரையோர ஐஸ் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தார்கள். அமங்கலி என்று எதிரில் வரவே கூடாது என ஒதுக்கப்பட்ட பெண்கள், ஊரின் மிகப் பெரிய கடற்கரைச் சாலையில் வரிசையாகப் பள்ளிக்கு நடந்து போனார்கள். அந்தக் காட்சியே அன்றைய சென்னைக்கு ஒரு பாடமாக இருந்திருக்கும்.

1914-ல் அதே கடற்கரைச் சாலையில், நடக்கிற தூரத்தில், பெண்களுக்காகவே ஓர் அரசுக் கல்லூரி திறந்தது. மெட்ராஸ் பெண்கள் கல்லூரி என்று தொடங்கி, 1917-ல் ராணி மேரி கல்லூரி என்று பெயர் மாறியது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. ஆண்களோடு உட்காரவைத்துப் படிக்கவைக்கமாட்டோம் என்ற வீட்டாரின் மறுப்புக்கு இனி வேலையில்லை. ஐஸ் ஹவுஸிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து ஆசிரியர் பயிற்சி, பயிற்சியிலிருந்து வேலை என்று ஒரு முழுப் பாதையும் போட்டாயிற்று.

அந்தப் பாதையின் கடைசிப் பகுதியையும் அவரே கட்டினார். 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது, அதன் முதல் முதல்வர் சுப்பலட்சுமி. பட்டதாரிகளுக்கு ஒரு பயிற்சி, எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒரு பயிற்சி, ஆங்கிலத்துக்குத் தனிப் பயிற்சி என்று மூன்று பிரிவுகள். பட்டம் வாங்க முடிந்தவளுக்கு மட்டுமில்லாமல், எட்டாவதோடு நின்றவளுக்கும் சம்பளம் வாங்கும் வழி இருக்கவேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

யார் உள்ளே, யார் வெளியே?

சுப்பலட்சுமியின் கதையில் சுலபமாகத் தாண்டிப்போக முடியாத ஓர் இடமும் உண்டு. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கானது. தனிச் சமையல், ஆசாரம், விரதம் எல்லாம் அங்கே கடைப்பிடிக்கப்பட்டன. இல்லாவிட்டால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியிருக்கமாட்டார்கள் என்பது அதற்கான காரணம். நடைமுறையில் அது உண்மையும்கூட. ஊரோடு நேருக்கு நேர் மோதாமல், சம்பிரதாயத்தின் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது அவருடைய பாணி.

ஆனால், அரசாங்கம் துணை நிற்கும் ஒரு வசதி ஒரே சாதிப் பெண்களுக்கு மட்டும் கிடைத்தால், மற்றவர்கள் எங்கே போவார்கள்? அந்தக் கேள்வி நியாயமானது. 1920-ல் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்து, 1921-ல் அரசு வேலைகளுக்கான வகுப்புவாரி ஆணை வந்த காலம் அது. படிப்பும் பதவியும் யார் கையில் இருக்கின்றன என்று மாகாணமே கேட்டுக்கொண்டிருந்தது. சுப்பலட்சுமி பிறந்த அதே 1886-ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசிக் குடும்பங்களில் பிறந்த பெண்கள், விடுதிகளில் சேர்த்துக்கொள்ள மறுத்ததால் அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். அதிலிருந்துதான் 1930-ல் அவ்வை இல்லம் பிறந்தது. ஒரு கதவு சிலருக்குத் திறக்கும்போது, அதற்கு வெளியே நிற்பவர்கள் யார் என்றும் பார்க்கவேண்டியிருக்கிறது.

சுப்பலட்சுமியும் அந்த ஒரு விடுதியோடு நின்றுவிடவில்லை. ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நடுக்குப்பத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். சாரதா மகளிர் சங்கத்தின் மூலம் உருவான சாரதா வித்யாலயா, பின்னாளில் ராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் பெரிய கல்வி நிறுவனமாக வளர்ந்தது. ஆனாலும், ஐஸ் ஹவுஸின் எல்லையை மறைத்துவிட்டு அவரைப் புகழவேண்டிய அவசியமில்லை. அவர் செய்தது பெரிய காரியம். அது போதாத காரியமும்கூட. இரண்டும் உண்மைதான்.

வேரிலேயே கை வைத்தார்

விதவைகளைப் படிக்கவைப்பது ஒரு பக்கம். குழந்தைகள் விதவையாகாமல் தடுப்பது இன்னொரு பக்கம். குழந்தைத் திருமணம் இருக்கும்வரை ஐஸ் ஹவுஸ்கள் நிரம்பிக்கொண்டேதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால், அவர் அரசு ஊழியர். இந்திய மாதர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர அவருக்குத் தடை இருந்தது. உறுப்பினராக முடியாவிட்டால் என்ன, கூட்டங்களுக்குப் போவதை யார் தடுப்பது? போனார். முத்துலட்சுமி ரெட்டி, அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் போன்றவர்களோடு சேர்ந்து நின்றார்.

திருமண வயதை உயர்த்துவது பற்றி விசாரித்த ஜோஷி கமிட்டியின் முன்னால் போய்ச் சாட்சியம் சொன்னார். இந்த விஷயத்தில் அவரைவிடப் பெரிய சாட்சி யார் இருக்க முடியும்? தன் வாழ்க்கையும், தன் விடுதியில் வளர்ந்த அத்தனை பெண்களின் வாழ்க்கையும் அவருக்குப் பின்னால் நின்றன. 1929-ல் நிறைவேறி, 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம், பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று திருமண வயதை நிர்ணயித்தது. இன்று பார்த்தால் 14 என்பதே அதிர்ச்சியாக இருக்கும். ஆனால், பதினோரு வயதில் தாலி கட்டிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு அந்த மூன்று வருடங்களின் மதிப்பு தெரியும். மூன்று வருடம் என்பது மூன்று வகுப்புகள்.

ஓய்வு என்ற வார்த்தை அவர் அகராதியில் இல்லை போல. 1942-ல் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம் தொடங்கினார். இது வயது வந்த பெண்களுக்கான பள்ளி. பாதியில் படிப்பை விட்டவர்கள், கல்யாணத்துக்காக நிறுத்தப்பட்டவர்கள், குழந்தைகளை வளர்த்து முடித்து நிமிர்ந்தவர்கள் திரும்பவும் புத்தகத்தைத் தொட ஒரு வாய்ப்பு. 1956-ல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியதற்குப் பின்னாலும் அவருடைய கை இருந்தது. 1952 முதல் 1956 வரை சென்னை சட்டமேலவையில் நியமன உறுப்பினராகவும் இருந்தார்.

1920-ல் பிரிட்டிஷ் அரசு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1958-ல் சுதந்திர இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. 1966-ல் மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி நாளில், 83 வயதில் சிஸ்டர் சுப்பலட்சுமி காலமானார்.

இன்றைக்கு எதற்கு இந்தக் கதை?

இப்போது குழந்தை விதவைகளுக்கு விடுதி தேவைப்படுவதில்லை. ஆனால், அவர் எடுத்துக்கொண்ட கேள்விகள் அப்படியே இருக்கின்றன. மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு மாவட்டத் தலைநகரில் காலேஜ் சீட் கிடைக்கிறது. ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் அவள் போகமாட்டாள். கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பையனுக்கு முதல் பட்டதாரி சலுகையில் கட்டணம் குறைகிறது. பஸ் காசும், சாப்பாடும், அவன் வேலைக்குப் போகாததால் வீட்டில் குறையும் வருமானமும் எந்தப் படிவத்திலும் வராது.

தமிழகத்தில் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022-ல் உயர்கல்விக்கான திட்டமாக மாறியது. புதுமைப்பெண் என்ற பெயரில், அரசுப் பள்ளியில் படித்து கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். தாலிக்கு ஒதுக்கிய பணம் படிப்புக்கு மாறிய இந்தச் செய்தியை சுப்பலட்சுமி கேட்டிருந்தால் நிச்சயம் சந்தோஷப்பட்டிருப்பார். கூடவே, அந்தப் பெண் எங்கே தங்குகிறாள், இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், படித்து முடித்தால் வேலை இருக்கிறதா என்றும் விசாரித்திருப்பார். அவருடைய வேலை முழுக்க அந்த விசாரிப்பில்தான் இருந்தது.

படிக்கிற பிள்ளை எப்படியும் படிச்சிடும் என்று நம்மில் பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். செங்கல்பட்டு வட்டாரத்திலேயே முதலாவதாக வந்த சுட்டிப் பெண்ணும் அப்பா அம்மா அந்த ஒரு முடிவை எடுத்திருக்காவிட்டால் படித்திருக்க முடியாது. அந்த மாதிரி அப்பா அம்மா எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு விடுதியையும், ஒரு பள்ளியையும், ஒரு பயிற்சிக் கல்லூரியையும் நிறுத்தியதுதான் சிஸ்டர் சுப்பலட்சுமி செய்த காரியம்.

அடுத்த முறை பீச்சுக்குப் போகும்போது, ஐஸ் ஹவுஸிலிருந்து ராணி மேரி கல்லூரி வரைக்கும் ஒரு நடை நடந்து பாருங்கள். நமக்கு அது சாதாரண தூரம். அந்தப் பெண்கள் அதைக் கடக்க ஒருவர் தன் வாழ்நாளையே கொடுக்கவேண்டியிருந்தது.